தங்கை போட்ட கோடுகள்

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் இருக்கட்டும், விளிம்பு எங்க இருக்கு? அத மொதல்ல சொல்லுங்க" என்பார் விளிம்பண்ணன். அளவீட்டுக் கூடத்தில் யார் எந்த நுண்ணோக்கிப் படத்தை நீட்டினாலும் இதே கேள்விதான். டீ குடிக்கப் போனாலும் கோப்பையின் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். விளிம்பண்ணன் என்று நாங்கள் பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

கணினிச் சில்லுகளில் செதுக்கிய பள்ளங்களை அளப்பது அவர் வேலை. ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நுண்ணோக்கியில் அவற்றின் ஓரம் ஆவி படிந்த ஜன்னலில் தெரிவதுபோல மங்கலாகத்தான் தெரியும். அந்த மங்கலுக்குள் ஓரத்தைக் கண்டுபிடிக்க நியூரல் நெட்வொர்க் என்ற, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரலைப் பழக்கினார்கள். ஆயிரக்கணக்கான படங்களில் ஓரம் இதுதான் என்று கோடு போட்டு அதற்குக் கற்றுக்கொடுத்தவள் அவருடைய தங்கை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் வேலை பார்த்தாள்.

கோட்டை எப்போதும் ஓர் இம்மி வெளியே தள்ளிப் போடுவாள். இவர் கத்துவார். "ஒட்டிப் போட்டா பள்ளத்துக்கு மூச்சு முட்டும்ணா" என்று சிரிப்பாள். போன வருடம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

இந்த வருடம் இன்னும் துல்லியமான எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துச் சரிபார்த்தபோது, நெட்வொர்க் எல்லாப் பள்ளத்தையும் கொஞ்சம் அகலமாகவே சொல்வது தெரிந்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. படத்தைப் பார்த்ததுமே விளிம்பண்ணனுக்குப் பிடிபட்டுவிட்டது.

"அவ கைதான் இது" என்றார்.

"கூடுதலா வர்றத மட்டும் கழிச்சுட்டா போதாதாம்மா?" என்று மேலாளரிடம் கெஞ்சினார்.

"எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கூடலையே அண்ணே. கோடு எல்லாத்தையும் மாத்திப் போட்டுப் புதுசாத்தான் பழக்கணும்."

"வீட்ல அவ இல்ல. இதுக்குள்ள இன்னும் கோடு போட்டுக்கிட்டு இருக்காம்மா."

ஆனால் தப்பான அளவை வெளியே அனுப்ப முடியாது என்று விளிம்பண்ணனுக்குத் தெரியாதா என்ன?

அவரேதான் உட்கார்ந்து மாற்றினார், வாரக்கணக்கில். கண் சிவந்து வீங்கியதைப் பார்த்து அண்ணி, "வேற யாருகிட்டயாவது குடுங்களேன்" என்றாராம். "அவ வேலைய வேத்தாள் திருத்துறதா?" என்று எரிந்து விழுந்தாராம்.

நேற்று கடைசிப் படமும் முடிந்தது. பழைய கோடுகளை நீக்கிவிடலாமா என்று திரை கேட்டது. விளிம்பண்ணன் மவுஸைப் பக்கத்தில் நின்ற மேலாளரிடம் நகர்த்திவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.