கடலுக்கு அஞ்சலை சொன்ன சொல்

அந்தத் துணிப்பந்தை மூக்கருகே கொண்டுபோனால் தேங்காயெண்ணெய் வாசனை அடிக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேர் கைபட்ட பந்து. பழைய பாவாடைத் துணியைச் சுருட்டி நானே தைத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். தமிழ் வீட்டில் பேசியதோடு சரி. ஆனால் இருபது வயதில் எனக்குக் கிடைத்ததோ தமிழ் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம்... அதுவும் தற்காலிகம். புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எழுதி, மனப்பாடம் பண்ணி, மறுநாள் வகுப்பில் ஒப்பிப்பேன். பிள்ளைகளைவிட ஒரு நாள் முன்னால் படித்தவள், அவ்வளவுதான்.

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் என்ற பாடத்துக்குத்தான் அந்தப் பந்து. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். நான் ஒரு சொல்லைச் சொல்லி வீசுவேன். பிடிக்கிறவர் அதே பொருளில் வேறு சொல் சொல்லி இன்னொருவருக்கு வீச வேண்டும். தெரியாதவர் உட்கார வேண்டியதுதான். கடைசிவரை நிற்பவருக்கு ஒரு முழு சாக்பீஸ். அதற்காக அப்படிக் கத்துவார்கள்!

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அன்று தலைமையாசிரியர் வந்து வாசலில் நின்றார். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுத வேண்டியவர் அவர். புதிதாக ஒரு சுற்றைத் தொடங்கினேன்.

"கடல்" என்று சொல்லிப் பந்தை வீசினேன். சமுத்திரம்... ஆழி... பரவை... வரிசையாக வந்தது. பந்து கடைசி வரிசை அஞ்சலையிடம் போனது.

அஞ்சலையின் அப்பா மில் தொழிலாளி. அவள் எப்போதும் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிடுவாள். அன்று பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மலர, "வேலை, மதாம்!" என்றாள்.

என் நோட்டில் அது இல்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.

"வேலையா? உங்கப்பா மில்லுக்குப் போறாரா, கடலுக்குப் போறாரா?" என்றேன்.

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்தபடி நகர்ந்தார். நானும்தான் சிரித்தேன். அஞ்சலை பந்தைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மணி அடித்ததும் பிள்ளைகள் அவளை "வேலைக்காரி, வேலைக்காரி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனது என் காதில் விழுந்தது. அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை.

ஏதோ உறுத்தியது. மறுநாள் காலையில் பள்ளி அலமாரியிலிருந்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். வேலை என்ற சொல்லுக்கு நாலைந்து பொருள் போட்டிருந்தது. அதில் ஒன்று, கடல்.

சட்டென்று மூடி வைத்துவிட்டேன்... யாராவது பார்த்துவிடுவார்களோ என்று.

அன்றைக்கே முதல் ஷிப்ட் முடிந்து அஞ்சலையின் அப்பா பள்ளிக்கு வந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வராந்தாவிலேயே நின்றார்.

"மதாம், பொண்ணு மேல தப்பு இல்லீங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன். நமக்கு கூத்து கட்ற பழக்கம். பாட்டுல வரும், கடல வேலைன்னு. கூத்து வாத்தியாரு சொன்னத அப்டியே கேட்டுப் பாடுறது... எழுதப் படிக்கத் தெரியாது. தப்பா சொல்லிக் குடுத்துட்டேன் போல. இனிமே பள்ளிக்கூடம் போவமாட்டேன்னு அழுவுறா. நீங்க ஒரு வார்த்த சொன்னா வருவா."

அகராதி எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது.

"பரவாயில்ல. வரச் சொல்லுங்க. இனிமே நிச்சயமா தெரிஞ்சத மட்டும் சொல்லிக் குடுங்க" என்றேன்.

"சரிங்க மதாம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். என் வயதுக்கு இரண்டு மடங்கு இருக்கும் அவருக்கு.

அஞ்சலை வந்தாள். அந்த வருஷம் முழுக்க வந்தாள். வாயைத் திறக்கத்தான் இல்லை. நானும் அந்த விளையாட்டை நிறுத்திவிட்டேன். "ஏன் மதாம் பந்து விளையாட்டு இல்ல?" என்று பிள்ளைகள் கேட்டபோது, நீங்கள் ரொம்பச் சத்தம் போடுகிறீர்கள் என்று பழியை அவர்கள் மேலேயே போட்டேன். அடுத்த வருஷம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

ரொம்ப காலம் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அஞ்சலை. கூட வந்த தன் மகளிடம், "எங்க தமிழ் மதாம்டி" என்று பெருமையாகச் சொன்னாள். அப்பா இருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். அன்று அவள் சொன்னது சரிதான் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பிரைமரி டீச்சர். போன வாரம் அவர்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் ஏதோ சொல்லுக்கு அர்த்தம் கேட்டான்.

"எனக்குத் தெரியலடா. பாத்துட்டு நாளைக்கு சொல்றேன். நீயும் பாத்துட்டு வா."

"சரி மிஸ்."

அவ்வளவுதான். பையன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்... ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

எங்கள் மாடிக்குத் துணி காயப்போட வந்த நான், பிழிந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன்.

"என்னா டீச்சரம்மா, நின்னுட்டீங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.