ஊர் கேட்ட வாய்

மார்க்கண்டு ஒரு காலத்தில் பர்ஜஸ் என்பவனுக்குத் தொள்ளாயிரம் பவுண் கொடுக்க வேண்டியிருந்தது. லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் தன் கடைக்கு மேலே இருந்த அறைக்கு அவன் குடிவந்த அன்று அவர் வாங்கிய முற்பணம் அது. அதைக் கடன் என்று அவர் நினைத்ததே இல்லை. அந்த அறையை விட்டுப் போன எவனுக்கும் அவர் முற்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. சுவரில் ஓர் ஆணித் துளை, கார்ப்பெட்டில் ஒரு தேத்தண்ணிக் கறை, ஏதாவது ஒன்று அவர் கண்ணில் படும், காசு பாதியாகிவிடும்.

காசின் அருமை தெரிந்த மனிதர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். சவூதியில் ஆறு வருஷம் லொறி ஓட்டினார். லண்டனுக்கு வந்து பெற்றோல் செட்டில் நின்றார், பிறகு இன்னொருவன் கடையில் பெட்டி தூக்கினார், கடைசியில் அந்தக் கடையையே வாங்கினார். மேலே அறை, ஸ்ட்ரெதமில் வீடு. படித்தவன் மாதச் சம்பளத்துக்குக் கைகட்டி நிற்க, படிக்காத மார்க்கண்டு நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தார். இதை வேறு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பால் வாங்க வந்தவனைக்கூடப் பிடித்து நிறுத்தி அவரே சொல்லுவார்.

இன்னொன்றும் சொல்லுவார். அரபுக்காரரைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்த தமிழன் லண்டனில் கிடையாதாம். எதிர்த் தெருவில் குடியிருந்த சென்னைக்காரர் சுந்தரராஜன் சனிக்கிழமைகளில் வந்து அவரைக் கிண்டிவிடுவார்.

"சார், ஈரான்காரங்க அரபுதானே?"

"அரபுதான் தம்பி."

"துருக்கிக்காரங்க?"

"அவனும் அரபுதான். கொஞ்சம் வெள்ளை அரபு."

"அப்போ குர்துங்க? அங்க கிறிஸ்தவங்க எல்லாம் இருக்காங்களாமே?"

"தம்பி, நான் ஆறு வருஷம் அந்த மண்ணில லொறி ஓடினனான். நீர் கொம்பியூட்டரில பாத்ததை நான் கண்ணால பாத்தனான். பேரீச்சம்பழம் திண்டு, தேத்தண்ணியைக் கிளாசில குடிச்சா அவன் அரபு. முடிஞ்சுது கதை."

"அப்படின்னா மதுரைக்காரனும் அரபுதான் சார். அவனும் கிளாஸ்லதான் டீ குடிக்கிறான்."

சுந்தரராஜன் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மார்க்கண்டு சிரிக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்தாரிடம் ஒரு பழக்கம் உண்டு. புது மனிதரைக் கண்டால் பேர் கேட்பதற்கு முதல் ஊர் கேட்பார்கள். எந்த ஊர், அந்த ஊரில் எந்தப் பக்கம், ஆருடைய மகன். மூன்று கேள்விக்குள் ஒரு சொந்தம் வெளியே வந்துவிடும். சொந்தம் இல்லையென்றால் ஒரு பழைய பகை. மார்க்கண்டு இதைத் தமிழரோடு நிறுத்தவில்லை. போலந்துக்காரனிடமும் ஊர் கேட்டார், கானாக்காரியிடமும் கேட்டார். ஒரே ஊரார் இருவரைக் கண்டுபிடித்துக் கைகோத்து விடும்போது, பொருத்தம் பார்த்துக் கொடுத்த தரகரைப் போலப் பூரித்துப் போவார்.

பர்ஜஸ் அறை பார்க்க வந்த அன்றும் அதே கேள்விதான். இருவருக்கும் நடுவில் ஓடியது உடைந்த இங்கிலீஷ். ஈராக் என்றான். ஈராக்கில் எந்த ஊர் என்றார். சிஞ்சார் என்றொரு மலை, அதன் தெற்கே ஒரு கிராமம். தகப்பன் பேர் எலியாஸ், இப்போது இல்லை.

"அப்ப நீ அரபு."

"இல்லை அங்கிள். நான் யசீதி."

"அதென்ன, அரபுக்குள்ள ஒரு பகுதியோ?"

"அரபே இல்லை. எங்கள் மொழி வேறு, மதம் வேறு. சிலர் எங்களைக் குர்து என்பார்கள். எங்களில் சிலர் அதுவும் இல்லை என்பார்கள்."

"சரி, சரி. மொத்தத்தில அந்தப் பக்கம்" என்று சொல்லித் தொள்ளாயிரத்தையும் வாங்கி மேசை லாச்சியில் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஹீற்றர் பார்க்க மேலே போனவர் சுவரில் செம்பு மயில் ஒன்று தொங்குவதைக் கண்டார். படியிறங்கி வந்தபோது குரல் கடை முழுக்கக் கேட்டது. "இஞ்சாரும் கனகாம்பிகை! மேல இருக்கிறவன் எங்கட முருகன்ர ஆள்!"

பர்ஜஸ் பின்னாலேயே வந்து பணிவாகத் திருத்தினான். "எங்கள் மயில் கடவுள் அனுப்பிய வானவர் அங்கிள். உங்கள் முருகன் வேறு. ஆனால் உங்கள் கடைக் கலண்டரில் முருகனின் மயிலைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுகிறது."

திருத்தம் காதில் ஏறவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனைவி கனகாம்பிகை வெள்ளிக்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய்வந்து மேலேயும் ஒரு கிண்ணம் பொங்கல் அனுப்பினார். பெடியன் பேக்கரியில் வேலை செய்தான். விடியப் போய்ப் பின்னேரம் வருவான். கடைக்குப் பின்னே ஓடும் குறுகிய ஒழுங்கையால் வந்து பின்படியால் ஏறிவிடுவான். இரண்டு வருஷம் அப்படியே போனது.

அப்போதுதான் அந்த மனிதர் கடைக்குள் வந்தார். செப்டெம்பர் மாதம், தூறல். ஐம்பதைக் கடந்த வயது, நல்ல கோட், சீவிய நரைமீசை. பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை எடுத்துக் கல்லாவில் வைத்துக் காசையும் நீட்டினார். மார்க்கண்டு தன் லொறிக்கால அரபியில் சலாம் சொன்னார். மனிதர் மரியாதையாகப் பதில் சொன்னார். பிறகென்ன, வாய் சும்மா இருக்குமா?

"எந்த ஊர்?"

"மொசூல் பக்கம்."

"மொசூலில எங்க? சிஞ்சார் எண்டொரு மலை இருக்கே, அதுக்குக் கிட்டவோ?"

மிச்சக் காசுக்கு நீண்ட கை அப்படியே நின்றது. "அந்த மலை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாத இடமோ! உங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் என்ர மேல் அறையிலதான் இருக்கிறான்."

மனிதர் மேலே முகட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "யாருடைய மகன்?"

மார்க்கண்டுவுக்குப் புல்லரித்துவிட்டது. நாற்பது வருஷ லண்டன் வாழ்க்கையில் வேற்று இனத்தான் ஒருவன் இந்தக் கேள்வியைக் கேட்டு அவர் கேட்டதில்லை. இதல்லவா மனிசப் பிறவி! "எலியாசின்ர மகன். பேர் பர்ஜஸ். நாலு மணிக்கு வேலையால வந்திடுவான். நில்லுங்கோவன், கூப்பிட்டு விடுறன்."

"வேண்டாம். நான் வந்ததை அவனுக்குச் சொல்ல வேண்டாம். நானே சந்திக்கிறேன். சந்தோஷப்படுவான்."

போய்விட்டார். காசு கொடுத்து வாங்கிய பேரீச்சம்பழப் பெட்டி கல்லாவிலேயே கிடந்தது.

மறுநாள் எதிரே இருந்த பஸ் தரிப்பில் அவர் நின்றார். பஸ்கள் வந்தன, போயின, அவர் ஏறவில்லை. மார்க்கண்டு கையசைத்தார். அவர் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார். அடுத்த நாளும் நின்றார். மழை பெய்த நாளும் நின்றார், குடை இல்லாமல்.

கனகாம்பிகைக்கு அது பிடிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, அந்த மனுசன் பஸ்ஸுக்கு நிக்கேல்லை. எங்கட மேல் ஜன்னலைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறான்."

"அது பெடியனுக்கு ஊர்க்காரன். திடீரெண்டு போய்ச் சந்தோஷப்படுத்தப் போறாராம்."

"சந்தோஷப்படுத்த வந்தவன்ர மூஞ்சையோ அது?"

அந்தப் பேச்சு நெஞ்சில் ஒரு முள்ளாகத் தைத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பின்னேரம் பேரீச்சம்பழப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். "இந்தா, உன்ர ஊர்க்காரர் விட்டிட்டுப் போனது. நாலு நாளா வெளியில நிக்கிறார், நீ பின்பக்கத்தால வந்து போறாய்."

பர்ஜஸ் திரைச்சீலையை விரலளவு விலக்கிப் பார்த்தான். பிறகு சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தான். சப்பாத்து இன்னும் கழற்றவில்லை. அதில் மா அப்பியிருந்தது.

"என்ன சொன்னீர்கள் அவரிடம்?"

"உன்ர பேர்தான்."

"அப்பா பேர்?"

மார்க்கண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"என் தம்பிக்குச் சின்ன வயதில் சுன்னத்துச் செய்தபோது அவர் மடியில்தான் அவனை வைத்தோம்" என்றான் பர்ஜஸ். "எங்கள் வழக்கம். பக்கத்து ஊர் முஸ்லிம் ஒருவரின் மடியில் வைப்போம். மடியில் இரத்தம் விழுந்தால் இரண்டு வீடும் ஒரு வீடு. அப்படிப்பட்டவரைக் கிரீவ் என்போம். பெருநாளைக்கு அவர் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. ஐ.எஸ். கறுப்புக் கொடிக்காரர் வந்த அன்று, எது எங்கள் வீடு, எது என் மாமா வீடு என்று காட்டிக்கொண்டு முன்னால் நடந்தவன் அவருடைய மகன். தம்பியை அன்றைக்குப் பிறகு நான் காணவில்லை."

"அந்த அரபுகள் எல்லாருமே—"

"இல்லை அங்கிள். எங்களைத் தன் பிக்கப்பில் ஏற்றி மலையடியில் விட்டதும் ஓர் அரபுதான். அதற்காக அவரைக் கொன்றார்கள்." சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தான். "கிரீவின் மகன் பிடிபட்டிருக்கிறான். வழக்கு வருகிறது. அவன் பேரைச் சொன்ன சாட்சி நான். சாட்சி எந்த நாட்டில், எந்தத் தெருவில் இருக்கிறான் என்று இவ்வளவு நாளும் அவர்களுக்குத் தெரியாது. இங்கே அவர் என்னைத் தொட வேண்டியதில்லை. அம்மா இன்னும் அங்கே முகாமில் இருக்கிறாள். வாயைத் திறக்காதே என்று சொல்ல அவருக்கு வேண்டியிருந்தது என் விலாசம் மட்டும்தான்."

மார்க்கண்டு கீழே இறங்கி வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கனகாம்பிகை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எண்பத்திமூண்டுக் கலவரத்தில, கொழும்பு வெள்ளவத்தையில எங்கட வீட்டைக் காட்டிக் குடுத்தவன் ஆர்? பக்கத்து வீட்டுக்காரன்தானே. அப்ப நீங்கள் சவூதியில. நானெல்லோ மதிலேறிக் குதிச்சனான்."

"ஒளிச்சு வைச்சவனும் பக்கத்து வீட்டுக்காரன்தானே அப்பா" என்றார் மார்க்கண்டு.

"ஓம். ஆனா எது எந்தப் பக்கத்து வீடெண்டு முதல் நாள் தெரியாது. அதுக்குத்தான் மனுசருக்கு வாயை மூடத் தெரியவேணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் திறந்தது ஒரு நுணல்; கெடப்போனது இன்னொன்று.

இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் கடைக்குள்ளேயே வந்தார். கடையில் வேறு ஆளில்லை. மார்க்கண்டு முந்திக்கொண்டார். "அவன் போயிட்டான். போன கிழமையே போயிட்டான்." வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசிய வாய்க்கு ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியவில்லை.

மனிதர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த விருந்தாளி சிரிப்பது போலத்தான் இருந்தது. "நல்லது. பார்த்தால் சொல்லுங்கள். அவன் தாய்க்கு என் சலாம். மழைக்காலம் வருகிறது, அந்தக் கூடாரம் காற்றுக்குத் தாங்காது என்று சொன்னார்கள். அம்மாவைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்."

கதவு மணி அடித்து ஓய்ந்த பிறகும் மார்க்கண்டு அசையாமல் நின்றார். கை மட்டும் கல்லாவில் இருந்த சில்லறையை அள்ளுவதும் விடுவதுமாக இருந்தது.

பர்ஜஸ் அந்தச் செய்தியைக் கேட்டுக் கத்தவில்லை. அன்றிரவே தாயை முகாமிலிருந்து மாமாவின் மகள் வீட்டுக்கு மாற்றச் செய்தான். வழக்குக்காக வாக்குமூலம் எடுத்தவர்களோடு பேசினான்; இடம் மாறு என்றார்கள். சனிக்கிழமை காலை ஒரு பையும் செய்தித்தாளில் சுற்றிய மயிலுமாகப் பின்படியால் இறங்கி வந்தான். கடைக்குச் சாமான் ஏற்றும் வான் பின் ஒழுங்கையில் நின்றது. ட்ராம் தரிப்பு வரை மார்க்கண்டுவே கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. முன்னால் போய் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பஸ் தரிப்பில் அன்றைக்கு யாருமே இல்லை. ஆள் நின்ற நாளைவிட அந்த வெறுமைதான் அவரை இரண்டாம் முறையும் எட்டிப் பார்க்க வைத்தது.

"வழக்குக்குப் போவியோ?" என்று கேட்டார்.

"போவேன். தம்பி பேரையும் சொல்ல வேண்டும் அல்லவா?"

அடுத்த கேள்வி நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எந்த ஊருக்குப் போறாய்? எழுபத்திரண்டு வயதில் அவர் விழுங்கிய முதல் கேள்வி அது. பர்ஜஸ் அதைக் கண்டான். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மார்க்கண்டு சட்டைப்பையில் இருந்து ஒரு கட்டு நோட்டை எடுத்து அப்படியே அவன் கையில் திணிக்கப் பார்த்தார். இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். பர்ஜஸ் கையைப் பின்னால் இழுத்தான்.

"என்னுடைய காசு மட்டும் அங்கிள். தொள்ளாயிரம். அதிலும் சுவரில் ஓர் ஆணித் துளை இருக்கிறது, மயில் மாட்டிய இடம். கழித்துக்கொள்ளுங்கள்."

"அந்தத் துளை இருக்கட்டும்" என்றார் மார்க்கண்டு. "அதை நான் அடைக்க மாட்டன்."

பர்ஜஸ் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினான். பேக்கரி அடுப்பில் சுட்ட தழும்புகள் விரல்கள் நெடுக இருந்தன. வங்கி மெஷினைவிட வேகமாகக் காசு எண்ணுவேன் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதருக்கு அன்றைக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு நோட்டாக, ஒட்டிக்கொண்டவற்றைப் பிரித்து, ஒழுங்கை முனையை இடையிடையே பார்த்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணி எண்ணி அந்தக் கையில் வைத்தார். ஒரு நோட்டும் குறையாமல், தொள்ளாயிரத்தின் கடைசி இருபது பவுணும் அதன்மேல் விழுந்தது.