ஒரு வீட்டுக்கு ரெண்டு மீட்டர்

வயரிங் வேலைக்கு கரண்டைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கரண்டு பில் வந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று எவரும் சொல்லித் தரவில்லை.

நெய்வேலி குவார்ட்டர்ஸிலேயே காலத்தைக் கழித்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். குவார்ட்டர்ஸில் கரண்டுக்குச் சம்பளத்தில் பிடித்ததெல்லாம் பேருக்குத்தான். ஃபேனுக்கு சுவிட்ச் எதற்கு என்றே யோசிக்காதவர்கள். சொந்த வீட்டில் முதல் பில் வந்ததும் எனக்குத்தான் போன் வரும். பில் வந்த அன்று "அந்த லைட்ட அணைச்சா கை தேஞ்சிடுமா?" என்று உங்கள் வீட்டிலும் யாராவது கத்தியிருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான். அப்படி ஒரு வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறேன்.

மீட்டர் மேல் பழி

சண்முகம் சார் மைன்ஸில் போர்மேனாக இருந்தவர். வடலூர் போகிற வழியில் மாடி வைத்துக் கட்டினார். கீழே அவரும் மனைவி கோமதியம்மாவும். மாடியில் மகன் பிரபுவும் மருமகள் கவிதாவும். மாடியில் சமையலறை வைக்கவே கூடாது என்று கோமதியம்மா கட்டும்போதே பிடிவாதமாக நின்றாராம். அவருக்குப் பண்ருட்டிப் பக்கம். மகன் கடைசி வரை தன்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அந்த அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

மீட்டரில் கோளாறு என்று சார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். மெயினை அணைத்தேன், மீட்டரில் மினுக்கிய சிவப்பு விளக்கு நின்றது. போட்டேன், விடாமல் மினுக்கியது. மீட்டர் மேல் தப்பே இல்லை. உள்ளே போனால் ஆளில்லாத அறைகளில் எல்லாம் ஃபேன் சுற்றுகிறது. சமையலறையில் குவார்ட்டர்ஸிலிருந்து கொண்டு வந்த கம்பிச்சுருள் ஹீட்டரில் சாம்பார் கொதிக்கிறது. பக்கத்தில் கேஸ் அடுப்பு புதுசு மாறாமல் இருக்கிறது. கேஸ் இருக்கும்போது இது எதுக்கும்மா என்றேன்.

"கேஸு காசு குடுத்து வாங்கறதாச்சே தம்பி, அத்தப் போயி வீணாக்குவாங்களா?"

ரவுண்ட்ஸ்

ஹீட்டரைப் பரணில் ஏற்றினோம். குண்டு பல்பையும் டியூப்லைட்டையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டேன். சுவரோடு ஒட்டியிருந்த ஃபிரிட்ஜைத் தள்ளி வைத்தேன். பில் கொஞ்சம் இறங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம்.

சார் விடவில்லை. மைன்ஸில் மெஷினைச் சுற்றி வந்த மாதிரி வீட்டைச் சுற்றி வர ஆரம்பித்தார். கவிதா குளிக்கும்போது கீசரை அணைத்தார். இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கையில் பிளக்கைப் பிடுங்கினார். நான் ஸ்டெபிலைசர் பார்க்க மாடிக்குப் போனபோது அந்தப் பெண் பாதி இஸ்திரி போட்ட சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தது.

"எங்க மாமா இன்னும் ரிட்டயர் ஆகலைண்ணா, எங்கள வெச்சு ஷிஃப்ட் ஓட்டிக்கிட்டு இருக்காரு."

காட்டுவதற்கு ஓர் அடுப்பு

யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் என்பது நமக்கெல்லாம் பட்டுத் தெரிந்த சங்கதி. மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிவிட்டால் இரண்டு பில்லும் தாழ்ந்த ரேட்டிலேயே நின்றுவிடும் என்று சாருக்கு யாரோ ஓதிவிட்டார்கள். ஆனால் அங்கே தனிக்குடும்பம் இருக்க வேண்டும், தனிச் சமையலறை வேண்டும். "சும்மா காட்டறதுக்குத்தானே" என்றார் சார். கோமதியம்மா அன்றைக்கு எனக்குக் காபி கொடுக்கவில்லை.

மாடியில் ஒரு மேடை, ஒரு தொட்டி, இரண்டு பர்னர் அடுப்பு. நான் மிக்ஸிக்கு ஒரு பிளக் பாயிண்ட் வைத்து, டெஸ்ட் பண்ண ஏதாவது கொடும்மா என்றேன். கல்யாணச் சீராக வந்து, பெட்டியே பிரிக்காமல் கிடந்த மிக்ஸியைக் கவிதா தூக்கிக்கொண்டு வந்தாள். சுவிட்சைப் போட்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் எந்த பல்பு போட்டும் கொண்டுவர முடியாது.

"அப்படியே ஒரு சட்னி அரைச்சுப் பாத்துடட்டுமாண்ணா?"

சோதனை

மாடிக்குத் தனி மீட்டர் வந்ததும் பில் பாதிக்கு இறங்கியது. சார் எனக்கு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார். சில மாதம் கழித்து மறுபடி போன். ஒரே குடும்பத்துக்கு இரண்டு மீட்டர் இருக்கிறதா என்று கரண்டு ஆபீஸிலிருந்து பார்க்க வருகிறார்களாம், ஏதாவது கேட்டால் சமாளிக்க நானும் கூட நிற்க வேண்டுமாம். என்னென்ன பொய் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன்.

வந்தவர் மாடிக்குப் போனார், நானும் பின்னால் போனேன். அடுப்பைச் சுற்றிப் பால் பொங்கி வழிந்த கறை. மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய டப்பாக்கள். மூடி வைத்த குழம்பு. பிரபு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்தால் கீழே இரண்டு பேருக்கு மட்டும் ஒரு சின்னக் குக்கர். மாடியில் அந்த மிக்ஸி பாயிண்டை வைத்தது என் கைதானே.

"ரெண்டும் தனித்தனிக் குடும்பமா?" என்று அவர் கேட்டார். கோமதியம்மாதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"சந்தேகமே வாணாம், எழுதிக்குங்க சார். எம்புள்ள எங்கூட ஒக்காந்து சாப்ட்டு எத்தினியோ நாளாவுது."

பில் குறைய என்ன வழி என்று இப்போது யார் கேட்டாலும், எல்லோரும் ஒரே ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள் என்றுதான் சொல்கிறேன், அதில் எனக்கு வயரிங் கூலி கிடைக்காது என்றாலும்.