அக்கா தேர்ந்தெடுத்த மதர்போர்டு

கண்ணுங்களா, நேற்று நீங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டருக்கு எந்த மதர்போர்டு வாங்குவது என்று சாப்பிடக்கூட வராமல் சண்டை போட்டீர்கள். கேம் ஓடினால் போதாதா, விலை கூடின போர்டு எதற்கு என்று சின்னவன் கேட்டான். அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் அத்தை ஒரு போர்டு வாங்கிய கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஆறாவது படித்த சமயம். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் கார் ரேஸ் ஓட்ட என் அக்காவை மிஞ்ச ஆளில்லை. பையன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள். அதுவே வினையாகப் போயிற்று. "கல்யாண வயசுல ஆம்பளப் பசங்க நடுவுல உனக்கு இன்னாடி வேல" என்று அம்மா அவளை அங்கே போகவிடாமல் செய்துவிட்டார். அக்கா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், சம்பளத்தைச் சேர்த்து வீட்டுக்கே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவதாகச் சொன்னாள். தீபாவளி லீவில் எங்கள் வீட்டிலேயே ரேஸ் என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

நேரு வீதிப் பக்கம் ஒரு மாடிக் கடை. சென்ட்ரிங் வேலை பார்த்த அப்பாவும் கூட வந்தார். கடைக்காரர் சாதாரண போர்டு ஒன்றை எடுத்து வைத்து, "இத எடுத்துக்கம்மா. மிச்சக் காசுக்கு கிராபிக்ஸ் கார்டு போட்டுடலாம். இன்னைக்கே கேம் பறக்கும்" என்றார். நான் அவரைத் தெய்வமாகப் பார்த்தேன்.

அக்கா கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய போர்டைக் கேட்டு வாங்கினாள். விளிம்பில் மட்டும் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "கடக்காத்து அடிக்கற வீடுண்ணே. இதுல இருக்கற செம்பு சீக்கிரம் பச்ச பூத்துடாதே?" என்றாள். வேகத்துக்குச் செருகுகிற ராம் எத்தனை ஏறும், பின்னால் வருகிற கார்டெல்லாம் இதில் உட்காருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கே கற்றுக்கொண்டாளோ, அவள் கேட்கக் கேட்கக் கடைக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து நின்று பதில் சொன்னார்.

"இத எடுத்தா கார்டு வாங்கக் காசு நிக்காதும்மா. பாதி எடம் காலியாத்தான் கெடக்கும்."

"கெடக்கட்டும்ணே."

அப்பா குனிந்து பார்த்தார். "மேல கட்டறப்போ ஆவும்னு நம்ம மொட்ட மாடியில தூணுக்குக் கம்பி வுட்டு வச்சிருக்கமே, அந்த மாதிரியா?"

"அதேதாம்ப்பா."

"அப்ப எடுத்துக்க."

மாடி எழுப்புகிற விஷயம் என்றால் அப்பாவிடம் மறுபேச்சு கிடையாது. நான் அழுததை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் கேம் ஓடியது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வளைவிலும் கார் நின்று யோசித்தது. பார்க்க வந்த பையன்கள், "உங்க ஊட்டு காருக்கு ஆளு எறங்கித் தள்ளணுமாடா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன்.

"கோச்சிக்காதடா. ஒன்னொன்னா மாட்டிக்கலாம். நான் வந்து மாட்டறேன், நீ கைய வைக்காத" என்றாள்.

வந்து மாட்டுகிறேன் என்றாளே, எங்கிருந்து வருவாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே கடலூரிலிருந்து பெண் பார்க்க வந்து, நிச்சயமும் முடிந்திருந்தது. எனக்கு அதில் ஞாபகம் இருந்தது கேசரி மட்டும்தான்.

தையில் கல்யாணம். போனவள் ஒரு மாதம் கழித்து ஒரு ராமோடு வந்தாள்.

"மாமியாருகிட்ட இன்னா சொல்லிட்டு வந்த?" என்று அம்மா கேட்டார்.

"தம்பி கம்ப்யூட்டர்ல ஒரு சாமான் மாட்டணும், நான் போனாத்தான் ஆவும்னேன்."

அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அடுத்த தடவை இன்னொரு ராம். பிறகு ஒரு ஃபேன். எதையும் மொத்தமாகக் கொண்டுவர மாட்டாள். மாட்டி முடித்ததும் என்னோடு ரேஸ் ஓட்டி ஜெயித்துவிட்டுத்தான் சோறு தின்பாள். கடைசியில் கிராபிக்ஸ் கார்டும் வந்தது. கார் நிஜமாகவே பறந்தது. அந்தப் பையன்கள் எங்கள் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள்.

அன்று அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அம்மா, அப்பாவிடம், "எல்லாம் மாட்டியாச்சி. இனிமே இன்னா சொல்லிட்டு வருவா" என்றார்.

நிச்சயமான பெண் ஒருத்தி அந்தக் கடையில் நின்று, காலி இடம் நிறைய இருக்கிற போர்டாகப் பார்த்து எடுத்தாளே, எதை நினைத்து எடுத்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அது புரிய எனக்கே கல்யாணமாக வேண்டியிருந்தது. அன்றைக்கு என் காதில் விழுந்தது அம்மா சொன்ன அந்த ஒரு பேச்சுதான்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்விட்சை அணைத்தேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஒரு ராமை மெல்ல உருவி, ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினேன். பிறகு தெருமுனை பூத்துக்குப் போய்க் கடலூருக்குப் போன் போட்டேன்.