இலை உள்ளவரைதான் சாப்பாடு

பானையில் சோறு இருந்தும் ஆளைத் திருப்பி அனுப்பும் கடை மலேசியாவின் ஜித்ராவில் ஒன்றுதான் இருந்தது. அது சண்முகவள்ளியின் இலைச் சாப்பாட்டுக் கடை. இலை முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள். குரலில் வருத்தம் மருந்துக்கும் இருக்காது. பொட்டலமாவது கட்டிக் கொடுங்கள் அக்கா என்று கெஞ்சினால், பொட்டலத்துக்குள் எதை விரிப்பதாம் என்று திருப்பிக் கேட்பாள்.

இலையெல்லாம் கடைக்குப் பின்னால் அவளே வைத்த வாழைத் தோட்டத்திலிருந்து வந்தது. ஒரு மரம் வாரத்துக்கு ஒரு இலை விட்டால் பெரிய விஷயம். காலையில் ஒரு சுற்றுச் சுற்றி, எந்த மரம் எவ்வளவு விட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த அளவுக்குத்தான் அறுப்பாள். அன்றைக்கு அத்தனை பேருக்குத்தான் சாப்பாடு. அவளும் புருஷன் மணியமும் எனாமல் தட்டில்தான் சாப்பிடுவார்கள். வீட்டு ஆட்களுக்கு இலை கிடையாது என்பது அவள் போட்ட சட்டம்.

மணியம் சமையலில் கெட்டி, ஆசையில் அதைவிடக் கெட்டி. எழுபத்தெட்டாம் வருஷம் ரோட்டை அகலப்படுத்த ஆட்கள் வந்திறங்கியதும் கடைவாசலில் கூட்டம் நெரிந்தது. பாசார் சந்தையில் இலை வாங்கினால் என்ன என்று அவன் நச்சரிக்கத் தொடங்கினான்.

"வாங்குற இலையும் எவன் தோட்டத்துலயோ வளர்றதுதாங்க. அந்த மரம் தாங்குதான்னு நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்றாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். மனசை மூடவில்லை.

தங்கச்சி பிரசவத்துக்காக அவள் பாலிங் ஊருக்குப் போயிருந்த வாரம், ரோட்டுக் காண்ட்ராக்டர் குழந்தைவேலு தன் ஆட்கள் எல்லாருக்கும் விருந்து கேட்டான். மணியம் யோசிக்கவே இல்லை. தோட்டத்தில் ஒரு இலை விடாமல் அறுத்தான். அதுவும் போதாமல் பாதி விரிந்த குருத்திலும் கைவைத்தான். விருந்து அமர்க்களப்பட்டது.

திரும்பி வந்த சண்முகவள்ளி பின்கதவைத் திறந்தாள். மரங்களெல்லாம் மொட்டையாக நின்றன. அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடையைச் சாத்தினாள். சாத்திக் கிடந்தால் வாடிக்கை போய்விடும், பிழைப்பே போய்விடும் என்று பதறிய மணியம், எப்போது திறப்பது என்று கேட்டான்.

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? அதுங்ககிட்ட போய்க் கேளுங்க."

கேட்டான். வேறு என்ன செய்வான்? தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றான். குருத்து ஒன்று சுருட்டிய பாய் மாதிரி எட்டிப் பார்க்கும். விரிவதற்குள் இவனுக்கு உயிர் போய்விடும். திட்டினாலும் கெஞ்சினாலும் அதன் வேகம் அவ்வளவுதான். இவ்வளவு மெதுவாக வருவதைத்தான் ஒரே காலையில் அறுத்துத் தள்ளினோம் என்று நினைக்க அவனுக்கே கூசியது. சில மரங்கள் அந்த வருஷம் குலை தள்ளவே இல்லை.

ஒருவழியாகக் கடை திறந்தது. பழைய கூட்டத்தில் பாதிதான் வந்தது. அதற்கே இலை மட்டாகத்தான் இருந்தது. பந்தி முடியும் நேரம், மிஞ்சிய ஒரே இலையைச் சண்முகவள்ளி கழுவி மணியத்தின் முன்னால் விரித்தாள். கோபம் தீர்ந்தது என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். அந்த நேரம் பார்த்துக் குழந்தைவேலு நாலு பேரோடு வந்து நின்றான்.

மணியம் இலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இலையை எடுத்து, அந்த நாலு பேரில் வயதானவர் முன்னால் போட்டான். பிறகு குழந்தைவேலுவிடம் திரும்பினான்.

"இலை முடிஞ்சிருச்சு லா. நாளைக்கு வாங்க."

குரலில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. உள்ளே போய் இரண்டு எனாமல் தட்டுகளை எடுத்து வந்து சோறு போட்டான்.