கின்னரம் மாட்டி வைத்த மாதங்கள்

தாம்பரத்தில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகையில்தான் முதல் அறிகுறி தெரிந்தது. மேல்ஸ்வரத்துக்குப் போகும் இடத்தில் என் குரல் வெறும் காற்றாக வெளியேறியது. ஒரே பாட்டுப் புத்தகத்தை என்னோடு பிடித்துப் பாடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஷீலா, "என்னக்கா, நேத்து ஐஸ்கிரீமா?" என்றாள். நானும் சிரித்தேன்.

கரகரப்பு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. தொண்டைக்குள் சிறு கண்ணாடி விட்டுப் பார்த்த மருத்துவர், எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். குரல்வளைக் காசநோய் (குரல் எழும் இடத்தைப் பற்றும் டிபி, இருமலாலும் பேச்சாலும் பிறருக்குத் தொற்றும்) என்று முடிவு வந்து, மருத்துவமனையில் சேர்த்தார்கள். எண்பதுகளில் அந்தப் பெயரே ஒரு குடும்பத்தைத் தள்ளிவைக்கப் போதுமானது.

"மருந்து தவறாம எடுத்தா குணமாயிடும். ஆனா பேசக் கூடாது. குசுகுசுன்னுகூட," என்றார் மருத்துவர்.

வார்டுச் செவிலியர் அதைக் கேட்டு, "வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது," என்றார்.

என் கணவர் சபைச் செயலாளர். "நீ திருநெல்வேலிக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருக்கறதா சபையில சொல்லிட்டேன். தெரிஞ்சா யாரும் நம்ம வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க," என்றார். நான் தலையசைத்தேன். சமூகப்பணி படித்தவள் நான். தொற்றுநோயை மறைப்பதன் விளைவு தெரிந்தும் தலையசைத்ததுதான் இன்றும் கூசுகிறது.

சபையில் வேதபாடமும் நடத்தியவள். எருசலேம் இடிந்து, மக்கள் பாபிலோனுக்குச் சிறைபோனதை 'பாவத்தின் தண்டனை' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவேன். அங்கே பாட மனமின்றிக் கின்னரங்களை (யாழ் போன்ற நரம்புக் கருவி) ஆற்றங்கரை மரங்களில் மாட்டிவிட்டு அழுதவர்களை, பேச்சற்ற அந்தப் படுக்கையில்தான் நிதானமாக வாசித்தேன். எனக்கும் தண்டனைதானோ என்று முதலில் பயந்தேன். பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. அந்தப் புலம்பல்களில் எதுவும் மறைக்கப்படவில்லை. பசியையும் இழிவையும் எதிரியின் சிரிப்பையும் பலர் கேட்கச் சொல்லி அழுதிருக்கிறார்கள். வெட்கத்தை எவரும் தனியே பொத்தி வைக்கவில்லை.

அடுத்த முறை கணவர் வந்தபோது சிலேட்டில் எழுதினேன்: 'ஷீலாவுக்குப் பரிசோதனை வேண்டும். சபையில் சொல்லுங்கள்.'

"செயலாளரா நின்னு இதையா அறிவிக்கச் சொல்ற?"

எழுதியதை அழிக்காமல் அவர் மடியில் வைத்தேன். ஞாயிறன்று மற்ற அறிவிப்புகளோடு அதையும் சொன்னார்.

ஷீலாவின் எக்ஸ்ரேயில் சிறு நிழல் இருந்தது. தொடக்க நிலைதான், மாத்திரைகளில் குணமானாள். அவள் தாய் என்னைத் திட்டவில்லை. "ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. குணமாவது என்பது பழைய இடத்துக்கே திரும்புவதல்ல. பாபிலோன் சிறையிலிருந்து மீண்டவர்கள் புதிய ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது, பழையதைக் கண்டிருந்த முதியவர்கள் அழுதார்களாம். இளையவர்களின் ஆரவாரத்திலிருந்து அந்த அழுகையைப் பிரித்தறிய முடியவில்லை.

இப்போது நான் கீழ்ஸ்வரத்தில் பாடுகிறேன். ஒவ்வொரு வரியின் நடுவிலும் மூச்சுக்காக நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் ஷீலாவின் குரல் மட்டும் கேட்கிறது. அவள் இன்னமும் என் பக்கத்தில்தான் நிற்கிறாள். புத்தகங்கள் மட்டும் ஆளுக்கொன்று.