கருப்பன் என்ற பெயருக்குப் பதில் சொன்னவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குக் கப்பல் பினாங்குக்கு எதிரே நங்கூரம் போட்டது. நாகப்பட்டினத்தில் ஏறி அன்று ஆறாம் நாள். தளப் பயணிகளையும் தோட்டக் கூலிகளையும் ஊருக்குள் விடவில்லை. தொற்றுநோய் பார்ப்பதற்காக எல்லோரையும் ஒரு தீவு முகாமில் இறக்கினார்கள். நான் கூலிக்குப் போகிறவன் அல்ல. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். ஈப்போவில் இருக்கும் தங்கையைப் பார்க்க விடுப்பில் புறப்பட்டவன்.

கப்பலில் எனக்கு அடுத்த பாய் வள்ளியம்மையுடையது. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் கணவனிடம் போகிறாள். அத்தோட்டத்துக் கங்காணியின் தம்பி கூட்டிவந்த பதினொரு பேரில் அவளும் ஒருத்தி. நாலாம் நாள் பிற்பகல், கிராம முன்சீப் எழுதிக்கொடுத்த காகிதத்தை என்னிடம் நீட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். 'கருப்பன் மனைவி வள்ளியம்மை' என்று இருந்தது. சரிதானே என்றேன்.

"அது எங் கொழுந்தன் பேருங்க. அவுக பேரு அது இல்ல" என்றாள்.

கேட்டுத் தெரிந்துகொண்டது இது. இரண்டு வருடத்துக்கு முன் முன்சீப் கையெழுத்துப் போட்டது அவள் கணவனின் தம்பி கருப்பனுக்கு. புறப்பட வேண்டிய வாரத்தில் கருப்பன் வாந்திபேதியில் இறந்துவிட்டான். புதுக் காகிதம் வாங்க ஒரு மாதம் ஆகும் என்று, அதே காகிதத்தில் அண்ணனை ஏற்றிவிட்டார் கங்காணி. அன்றிலிருந்து தோட்டத்துப் பேரேட்டில் அவன் கருப்பன். இப்போது மனைவியை வரவழைக்கும்போது அவளும் கருப்பனுக்கே மனைவியாக வேண்டியதாயிற்று.

உண்மைப் பெயர் என்ன என்றேன். புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? "சாமி தலையில கங்கை எதுக்குள்ள இருக்கு?" என்று என்னையே கேட்டுவிட்டுச் சிரித்தாள். சடையன் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

எழுத்தும் வாயும் ஒத்திருக்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதிகாரி கேட்டால் தயங்காமல் கருப்பன் என்று சொல் என்றேன். மூன்று முறை சொல்ல வைத்தேன்.

"நான் சோறு ஆக்கிப் போட்ட புள்ள. அவன் பேரச் சொல்ல எனக்கென்னங்க கூச்சம்?" என்றாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. நான் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன்; கங்காணியின் தம்பி முன்னாலேயே முடித்துக்கொண்டு போயிருந்தான். வெள்ளைக்கார அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"புருஷன் பேரு?"

"கருப்பன்."

மொழிபெயர்ப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டார். ஆறு என்றாள்.

"ஆறு வருஷம் குடும்பம் நடத்தின பொம்பளை, புருஷன் பேர இப்படித் தடதடன்னு சொல்லுவாளா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டேன்.

பிற்பகல் அந்த மொழிபெயர்ப்பாளரே என்னிடம் பேசினார். மோசமான மனிதர் அல்லர். பொய்க் காகிதத்தில் மனைவி என்று கூட்டிவந்த ஒருத்தியைப் பட்டணத்தில் ஒரு கெட்ட வீட்டில் விட்டுவிட்டார்களாம். அவளும் இப்படித்தான் தயங்காமல் பெயரைச் சொன்னாளாம். பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். கருப்பன் இங்கே இறங்கியபோது மணமாகாதவன் என்றே எழுதியிருக்கிறது. புருஷன் யார் என்று தெரியாவிட்டால் அடுத்த புதன்கிழமைக் கப்பலில் அவளைத் திருப்பி அனுப்புவார்கள்.

சனிக்கிழமை என்னை வெளியே விட்டார்கள். எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து ஈப்போவுக்கு ரயிலில் நூற்றேழு மைல். மூன்றாம் வகுப்புக்கு இரண்டு வெள்ளி பதினைந்து காசு கொடுத்தேன். ஈப்போ நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுகின்றன. அவற்றின் அடியில் ஈயம் எடுத்த பள்ளங்களில் கலங்கிய நீர் தேங்கிக் கிடக்கிறது. மரமே இல்லாத மணல்வெளி மைல்கணக்கில் போகிறது.

இரவுச் சாப்பாட்டின்போது தங்கை கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு கிட்டங்கியில் கணக்கர்.

"குறுக்கால வர்றவனாலதான் மச்சான் நேரா வர்றவனுக்கும் கெட்ட பேரு" என்றார்.

நேர் வழிக்கு ஒரு மாதம் ஆகுமென்றால் அந்த ஒரு மாதம் என்ன சாப்பிடுவது என்று தங்கை கேட்டாள். அவர் மேலும் ஒரு கரண்டி ரசம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் பஸ்ஸில் தாப்பாவுக்கு முப்பத்தாறு மைல். கட்டணம் தொண்ணூறு காசு. ஓட்டுநர் திருச்சிப் பக்கத்து முஸ்லிம். எந்தத் தோட்டம் என்று கேட்டவர், "அங்கன புது ஆளு யாரும் எறங்க மாட்டான் அண்ணே, எல்லாம் கங்காணி ஆளுதான்லா" என்றார். சந்தியில் இறங்கி நாலு மைல் நடந்தேன். தோட்டத்து எழுத்தர் வீட்டுத் தாழ்வாரத்தில் படுக்க இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டு. வேலைக்கு அனுப்புமுன் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு இங்கே அப்படித்தான் பெயர். பனியில் நூறு பேருக்குமேல் நின்றார்கள்.

"கருப்பன்!"

"இருக்கேங்க."

புத்தகத்தில் அந்தக் கருப்பனுக்கு இருபத்தொரு வயதாம். பதில் சொன்னவனுக்கு முப்பத்தைந்துக்குக் குறையாது.

பால் மரங்களுக்கு நடுவே அவனோடு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தியை நிறுத்தவில்லை. ஏழெட்டு மரம் கடந்த பிறகு கேட்டான்: "அவ எம் பேரச் சொன்னாளாங்க?"

"இல்லை. உன் தம்பி பேரைத்தான் சொன்னாள். நான்தான் சொல்லச் சொன்னேன்."

"எம் பேர அவ சொல்ல மாட்டா" என்றான். அதில் ஒரு பெருமை இருந்தது.

உண்மையை எழுதி ஒரு மனு கொடுக்கலாம் என்றேன். அதற்குள் கங்காணி வந்துவிட்டார், யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மனு எழுதுங்கய்யா, எழுதுங்க. எல்லாருமாச் சேர்ந்தே கப்பலேறுவோம். எங்கிட்ட இருக்கிறதுல எத்தனை பேரு சொந்தப் பேருல இருக்கான்னு இவனைக் கேளுங்க" என்றார். பிறகு அவனிடம் தணிந்த குரலில், "பொண்டாட்டிய அடுத்த வருஷம் கூட்டியாரலாம்டா. பேரு போனா வராது" என்றார்.

சடையன் அடுத்த மரத்துக்குப் போனான். மாலை நாலு மணிக்கு, கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அவனே எழுதச் சொல்ல, மனுவை எழுதி இரண்டு முறை படித்துக் காட்டினேன். பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டு, "எந்தப் பேருக்குங்க இது?" என்றான். சடையன் பேருக்கு என்றேன். மெதுவாக, அழுத்தி வைத்தான். அவனுக்கு விடுமுறை கிடைக்காது. நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டுப் பொழுது சாயப் பினாங்கு சேர்ந்தேன். முகாமுக்குப் படகு மறுநாள் காலைதான். புதன்கிழமை எட்டு மணிக்கு மொழிபெயர்ப்பாளர் முன் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கப்பல் புகைந்துகொண்டிருந்தது. திரும்பிப் போகிறவர்களை ஆறு மணிக்கே ஏற்றிவிட்டார்கள்.

முந்தின நாள் பெரிய அதிகாரி அவளைத் திரும்பவும் விசாரித்திருக்கிறார். அதற்குள் முகாமில் மற்றப் பெண்கள் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள், குடும்பப் பெண் பெயரைச் சொல்லமாட்டாள், அதைத்தான் அங்கே பார்க்கிறார்கள் என்று. மூன்று முறை கேட்டும் தலையைக் குனிந்துகொண்டு வாய் திறக்காமல் நின்றாளாம். மொழிபெயர்ப்பாளர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்: 'கணவன் பெயர் தெரியாது.'

"கையில என்ன?" என்றார்.

"இதைக் கொடுத்தால் அவளை இறக்குவார்களா?"

"ஏறினது ஏறினதுதாங்க. இனிமே அது அந்த ஆளத்தான் பிடிக்கும்."

மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பதினொன்றரைக்குக் கப்பல் நகர்ந்தது. தளத்தில் நின்றவர்களில் யார் அவள் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். சடையன் மனுவைத் திருப்பிக் கேட்கவில்லை, கிழிக்கவும் சொல்லவில்லை. "அவகிட்டக் குடுத்துருங்க. நான் வெரல் வெச்சேன்னு தெரியட்டும்" என்றான். மறுநாள் காலைப் பெரட்டில் கருப்பன் என்று கூப்பிட்டார்கள். "இருக்கேங்க" என்றான்.

மற்ற நாட்களை ஈப்போவில் கழித்தேன். எழுத ஒன்றுமில்லை.

ஊரில் எங்கள் அலுவலகத்துக்குப் பத்திரம் எழுத வரும் பெண்களிடம் நான் புருஷன் பெயரைக் கேட்டதே இல்லை. உடன் வந்தவரைப் பார்ப்பேன், அவர் சொல்வார், எழுதிக்கொள்வேன். இருபத்திரண்டு வருடம் அப்படிச் செய்தவன் கப்பலில் அதை மறந்துபோனேன். முகாமில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது உடன் வந்தவன் நான்தான்.

புறப்படும் நாள் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு எழுத்தர் எனக்குரிய படிவத்தை நிரப்பினார். பெயர், ஊர், வயது கேட்டார். பிறகு மனைவி பெயர் கேட்டார்.

"மீனாட்சி" என்றேன், தயங்காமல்.

அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.